முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஓர் அறை

சேகர் கண்ணு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதாக இங்கே முதியோர் இல்லத்து ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னாயாம். அதற்கு முன்பே இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. எழுதுகிற வலது கைக்கு ஒன்றுமில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கைதான் சொன்னபடி கேட்பதில்லை. அப்பாவின் கண்ணாடிக் கூட்டைக் காகிதத்தின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபீஸ் ரூமில் நாலு பேருக்கு நடுவில் கத்திப் பேசுகிற விஷயம் இல்லை இது. உன்னைக் காக்க வைக்காமல் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பெங்களூருக்கு வரப்போவதில்லை. நானும் இப்போது பின்கட்டில் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரே அறைக்கு வந்துவிட்டோம். கோபப்படாமல் முழுவதையும் படி. உன் மேல் குறை சொல்ல எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு நீ வந்தபோது உன் கண்ணில் பட்டதை வைத்துத்தான் முடிவெடுத்தாய். அது எனக்குப் புரிகிறது. நீ கதவைத் திறந்தபோது அப்பா எனக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கொசுவத்தைச் செருகுகையில் நான் கட்டில் ஓரத்திலிருந்து சறுக்கினேன், என்னைப் பிடிக்கப் போய் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அது புதிதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, யாராவது வந்ததும் எழுந்திருப்போம். ஆனால் நீ வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கே மேனேஜரிடம் பேசி, அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஆயாக்களே செய்கிற பின்கட்டு, குழந்தைகளின் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அப்பாவுக்கு உன் வீட்டில் அவர்கள் அறை என்று ஏற்பாடு செய்துவிட்டாய். இந்த இல்லத்தில் இரண்டே வகைதான். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முன்கட்டு. முடியாதவர்களுக்குப் பின்கட்டில் ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. நடுவில் துணி உலர்த்தும் முற்றம். எனக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இங்கே வந்த நாளிலிருந்து நாங்கள் முன்கட்டில்தான் இருந்தோம். நீ ஊருக்குப் போன மறுவாரம் என்னை முற்றத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா வார்டு வாசல் வரை கூடவே வந்தார். அதற்கு மேல் ஆண்கள் வரக் கூடாது, சாயங்காலம் பார்க்க வரலாம் என்றார்கள்.

பின்கட்டைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஜெயம்மா என்று ஓர் ஆயா, நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிறவள், தங்கமான மனுஷி. முதல் நாள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து என் வாயருகே நீட்டினாள். "எனக்குக் கை இருக்கும்மா" என்றேன். "சும்னிரி அஜ்ஜி, நானே தின்னிஸ்தீனி" என்றாள். சும்மா இருங்க பாட்டி, நானே ஊட்டுகிறேன் என்று. நான் ஒரு கையால் சாப்பிட்டு முடிக்க நேரமாகும். ஊட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அவளுக்கு அடுத்த கட்டில் காத்திருக்கிறது. முகம் துடைத்தாள், தலை சீவினாள், புடவை வேண்டாம் என்று நைட்டி மாட்டினாள், கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்கிறேன், சுகமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் தலையை இன்னொருவர் சீவியதில்லை. எதற்கும் பாடுபட வேண்டாம், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஒரு மத்தியானம் தட்டுச் சத்தம் கேட்டதும் நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. திறந்த வாயை மூடுகிறபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸ் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தாயே, கட்டுப் பிரித்து எத்தனையோ நாள் ஆன பிறகும் தட்டைக் கண்டால் வாயைத் திறப்பாய், நானும் ஊட்டுவேன். ஒரு நாள் அப்பா தட்டை உன் முன்னால் வைத்துவிட்டு, என்னையும் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நீ அழுதாய், திட்டினாய், கடைசியில் சாப்பிட்டாய். விரல் மடங்க வலித்திருக்கும். ஆனால் மடங்கியது. அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சமில்லை. பின்கட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நினைத்தபோதுதான் அவர் செய்தது எவ்வளவு சரி என்று பட்டது. அன்று சாயங்காலம் ஜெயம்மாவிடம் தட்டை என் மடியில் வைக்கச் சொன்னேன். அவளுக்கு வருத்தம். நான் பாதிச் சாதத்தைக் கீழே சிந்தினேன். அதற்குள்ளாகவே கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

இனி அப்பாவின் கதை. இதை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. அவர் விஷயம், அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். உங்கப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது, கண்ணு. இன்று நேற்றல்ல, எனக்கு வாதம் வருவதற்கு முன்பிருந்தே. பாங்குக்குப் போனவர் திரும்பும்போது, நாம் என்றோ காலி செய்த குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றிருக்கிறார். கேஸை மூட மறப்பார். சொன்னதையே சொல்வார். ஆனால் நீ வரும்போதெல்லாம் உன் கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பார். காரணம், நான் பக்கத்தில் இருந்தேன். அவர் எழுந்தால் "எங்கே போறீங்க" என்பேன். "சட்டையை மாத்துங்க", "குடையை எடுங்க", "மாத்திரை நேரமாச்சு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் அதிகாரம் பண்ணுகிற கிழவி, அவர் சொன்னதைக் கேட்கிற சாது. உனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஒரு தடவை "அப்பாவை இப்படி விரட்டாதம்மா" என்றுகூடச் சொன்னாய்.

என்னைப் பின்கட்டுக்கு மாற்றிய பிறகு அந்தச் சொல் நின்றுபோனது. தினமும் சாயங்காலம் வருவார், ஸ்டூலில் உட்காருவார். "மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பேன். "ஆச்சு புள்ள" என்பார். சட்டைப் பித்தான் மாறி இருக்கும், தாடி வளர்ந்திருக்கும். ஒரு நாள் மத்தியானம் பின்கட்டு ஆயாக்கள் முன்பக்கம் ஓடினார்கள். யாருக்கோ மயக்கம் என்றார்கள். யார் என்று எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டி, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். "அவருக்குச் சர்க்கரை இருக்கு, மாத்திரையை ரெண்டு தடவை போட்டிருப்பார், சர்க்கரைத் தண்ணி குடுங்க!" அப்படித்தான் நடந்திருந்தது. காலை மாத்திரையைப் போட்டது மறந்து மறுபடி போட்டிருக்கிறார். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்தவர், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வையோடு அங்கேயே சரிந்திருக்கிறார். மேட்ரன் பொன்னம்மா குளுக்கோஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நீ கவலைப்படும்படியாக ஒன்றும் ஆகவில்லை. இல்லத்திலிருந்து உனக்குப் போன் செய்யக் கிளம்பினார்கள். நான்தான், அவர் தெளியட்டும், நானே எழுதுகிறேன் என்று நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் காலை என்னைச் சக்கர நாற்காலியில் அவர் படுத்திருந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வெளியே போனதும் கேட்டேன். "என்னங்க, மாத்திரை போட்டது மறந்துபோச்சுங்களா?" "மறந்துதான் போச்சு புள்ள. நேத்து மட்டும் இல்ல" என்றார். "எனக்குத் தெரியுங்க" என்றேன். "உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார். இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம், பார். "அப்புறம் ஏனுங்க யார்கிட்டயும் சொல்லல?" என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தன்னையே பாத்துக்க முடியாதவன் பொண்டாட்டிய எப்படிப் பாத்துக்குவான்னு உன்னைப் பின்னாடி கொண்டுபோய்ப் போட்டுருவாங்கன்னு பயந்தேன். நான் சொல்லாமயே போட்டுட்டாங்க." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. "பையன் கூப்பிடுறானே, போறீங்களா? பேரன் பேத்தியோட இருக்கலாம்" என்று கேட்டேன். "காலைல எந்திரிச்சு நான் எங்க இருக்கேன்னு அங்க யாரைக் கேக்கறது?" என்றார். ஒவ்வொரு காலையிலும் அவர் என்னைக் கேட்கிற முதல் கேள்வி அதுதான், சேகர். நானும் சொல்வேன். மைசூர், இது இல்லம், இன்றைக்கு இன்ன கிழமை, சேகர் பெங்களூரில் நன்றாக இருக்கிறான். உடனே எழுந்து பல் துலக்கப் போய்விடுவார்.

அந்த வாரம் டாக்டர் வந்தார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் முழுக் கவனிப்பு வேண்டும், அவர் ஆண்கள் வார்டு, இவர் பெண்கள் வார்டு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என்னால் தனியாக எழுந்து நிற்க முடியாது. அவரை நம்பி மாத்திரையைக் கையில் கொடுக்க முடியாது. மேட்ரன் பொன்னம்மா குடகுக்காரர், ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர், அதிகம் பேச மாட்டார். கன்னடத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "தனித்தனியாப் பார்த்தா ரெண்டு பேருமே பின்கட்டுக்காரங்கதான் டாக்டர். சேர்த்து வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் சொல்றேனே." டாக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு, சரி, ஆனால் மாத்திரை நர்ஸிடம் இருக்கட்டும் என்றார். அப்படி எங்களை முன்கட்டில் பழைய அறையிலேயே மறுபடி விட்டார்கள்.

மேட்ரன் எங்களிடம் கேள்வியே கேட்கவில்லை. காலையில் ஒரு நேரம், சாப்பாட்டுக்கு ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் என்று வந்து, ஏதோ பேச வந்தவர் போல உட்காருவார். ஒரு நாள் அப்பாவிடம், "அய்யா, டைனிங் ஹாலிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவர முடியுமா?" என்றார். "அதுக்கென்ன" என்று அப்பா போனார். திரும்பி வரும்போது கையில் நியூஸ் பேப்பர் இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை, பழக்கத்தில், தலையைக்கூடத் திருப்பாமல், "என்னங்க, வெந்நீரு" என்றேன். "ஆமாமா" என்று பேப்பரை என் மடியில் போட்டுவிட்டுப் போய் வெந்நீரோடு வந்தார். வரும் வழியிலேயே நான் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் இடுப்புக்குத் தலையணையைச் செருகி நிமிர்த்தி உட்கார வைத்தார். நான் கேட்கவே இல்லை. எனக்கு இடது பக்கம் உணர்வில்லாததால் நான் சாய்வது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். மேட்ரன் வெந்நீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வயசானவங்களைக் கேட்டா எல்லாம் முடியும்பாங்க. பிள்ளைங்களைக் கேட்டா எதுவுமே முடியாதும்பாங்க. அதனால நான் கேக்கறதில்லம்மா, பாக்கறேன்."

அடுத்த முறை டாக்டர் வந்தபோது அவரோடு மேட்ரன் நின்று வாதாடியது எனக்குக் கேட்டது. "இவர் எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டால்?" என்றார் டாக்டர். கேட்டில் ஆள் இருக்கிறான், சொல்லி வைக்கிறேன் என்றார் மேட்ரன். "விழுந்தால்?" "பின்கட்டிலும் விழறாங்க, டாக்டர். இங்க விழுந்தா உடனே கூப்பிட ஒருத்தர் கூடவே இருக்காங்க." டாக்டர் பிடிவாதக்காரர் இல்லை. கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். பெண்கள் வார்டை ஒட்டி, போர்வை தலையணை அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது. முன்கட்டு வராந்தா முடிகிற இடம், வார்டின் கதவுக்குப் பக்கம். அதைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே துணி காய்கிறது. காலையிலும் சாயங்காலமும் ஜெயம்மா வந்து என்னைக் குளிக்கவும் கக்கூஸுக்கும் கூட்டிப்போகிறாள், புடவை கட்டிவிடுகிறாள். நைட்டியை நான் ஒழித்துவிட்டேன். சாப்பாடு நானே. ஒரு கையால் ஜடை பின்ன வராததால் முடியைத் தோளோடு வெட்டச் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திகைக்காதே. நர்ஸ் மாத்திரையை வேளைக்கு வேளை என் கையில் கொடுப்பாள், நான் அப்பா கையில் கொடுத்து விழுங்குகிற வரைக்கும் பார்ப்பேன். கட்டிலருகே ஒரு அழைப்பு மணி வைத்திருக்கிறார்கள்.

அப்பா தனியாக வெளியே போகக் கூடாது என்பதைத்தான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். வேலைக்குப் போன காலத்தில் கம்பெனி பஸ் தவறினால் மைசூர் ஓரத்து ஹெப்பாளில் இருந்த ஃபாக்டரிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர். மேட்ரன்தான் வழி கண்டுபிடித்தார். "அய்யா, அம்மாவுக்குத் தினமும் வெயில் வேணும், என் ஆளுங்களுக்கு நேரமில்ல, நீங்கதான் தள்ளிட்டுப் போகணும்" என்றார். இப்போது காலையில் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட் வரை, சில நாள் கேட்டைத் தாண்டிப் பிள்ளையார் கோயில் வரை போகிறோம். முன்னால் உட்கார்ந்து நான் வழி சொல்கிறேன், அவர் தள்ளுகிறார். போன வாரம் பள்ளத்தில் சக்கரம் இறங்கி இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம், காய்கறி வண்டிக்காரர் தூக்கிவிட்டார். சண்டையும் போடுகிறோம். நாற்காலியைச் சரியாகப் பிடிக்கச் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் சண்டையே மறந்துவிட்டது, அது எனக்கு லாபம்.

இது இப்படியே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் ஞாபகம் இன்னும் போகும். எனக்கும் இன்னொரு தடவை வாதம் வரலாம். மேட்ரன் அவ்வப்போது வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கூட வேண்டியது வந்தால் கூட்டுவார், குறைக்க வேண்டியதைக் குறைப்பார். நான் முன்னால் போய்விட்டால் அப்பாவைப் பின்கட்டில் சேர்க்கத் தயங்காதே. அன்றைக்கு மனசு கேட்காமல் அவரை உன் மூன்றாவது மாடி வீட்டுக்குக் கொண்டுபோய், நீயும் ஹேமாவும் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்காதே. பழகிய முகங்கள் அவருக்கு வேண்டும். அவர் முன்னால் போனால் நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை நானே சொல்வேன், என்னைக் கேள். ஹேமாவின் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் விஷயத்திலும் நீ முடிவெடுக்க வேண்டி வரும். அப்போது ஒரு நாள் வந்துவிட்டு, கண்ணீரோடு முடிவெடுக்காதே. கூட நாலு நாள் தங்கு. காலையில் எழுவதிலிருந்து படுக்கிற வரை அவர்களால் எது முடிகிறது, எதற்கு ஆள் வேண்டும் என்று சும்மா உட்கார்ந்து பார். முடியாததற்கு ஆள் வை. முடிகிறதை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும், எவ்வளவு சிந்தினாலும். அன்பில் செய்கிறோம் என்று நினைத்தால் எடுத்துவிடுவது ரொம்பச் சுலபம். நீ என் மேல் வைத்த அன்பு எனக்குத் தெரியும். நானும் சின்ன வயசில் உனக்கு அதைத்தானே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. டிக்கியில் அப்பாவின் பெட்டிக்கு இடம் வைக்க வேண்டாம். ஹேமாவையும் குழந்தைகளையும் கூட்டி வா. நீ வந்து உட்கார்ந்ததும் அப்பா உன் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார். சொல்லு. காபி ஆறுவதற்குள் மறுபடி கேட்பார். அப்போது என் முகத்தைப் பார்க்காதே. அவர் முகத்தைப் பார்த்து, இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது போல, ஆர அமரப் பதில் சொல்லு.

அம்மா